“என்று வருவாய் என்று கேட்டாள்”: ‘என்’ என்னும் வினைச்சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘என்’ என்பது ‘சொல்லு’, ‘கூறு’ என்ற பொருளைத் தரும் பழைய தமிழ் வினைச்சொல். ‘என்றான்’, ‘என்று’, ‘என்ற’, ‘என்னும்’, ‘என்பது’, ‘எனவே’, ‘என்றால்’, ‘எனினும்’ ஆகிய எல்லாம் அதன் வடிவங்களே. எந்தத் தமிழ்க் கட்டுரையை எடுத்தாலும் இவற்றுள் ஒன்றாவது வராத பத்தியைக் காண்பது அரிது. இவ்வளவு பயன்படும் ஒரு சொல்லைப் பற்றி நம் பள்ளி இலக்கணப் பாடங்கள் அதிகம் பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. மாணவர்களும், மொழிபெயர்ப்பவர்களும், மெய்ப்புத் திருத்தும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

‘என்று’ ஓர் இணைப்புச் சொல்தானே? அதை ஏன் வினை என்கிறீர்கள்?

‘தின்’ என்ற வினையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தின்றான், என்றான்; தின்கிறான், என்கிறான்; தின்பான், என்பான்; தின்று, என்று; தின்ற, என்ற; தின்னும், என்னும்; தின்றால், என்றால்; தின்னாமல், என்னாமல். ஓர் எழுத்துக்கூட விலகாமல் இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. ‘தின்று’ என்பது ‘தின்றுவிட்டு’ என்று பொருள்படும் இறந்தகால வினையெச்சம் என்றால், ‘என்று’ என்பதும் ‘சொல்லிவிட்டு’, ‘சொல்லி’ என்று பொருள்படும் இறந்தகால வினையெச்சமே.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வரும் ‘தட்’ என்ற சொல் சுட்டுப்பெயரிலிருந்து வந்தது. அதற்கு ‘அது’ என்பதே அடிப்படைப் பொருள். இந்தியில் வரும் ‘கி’ என்பதும் வினையன்று. தமிழ் இந்த வேலைக்குச் சுட்டுச்சொல்லை நாடாமல் ஒரு முழு வினையையே அமர்த்தியிருக்கிறது. அந்த வினை, வினைமுற்றாக இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வார இதழ்களின் பேட்டிக் கட்டுரைகளே சான்று: “விளைச்சல் இந்த ஆண்டு பரவாயில்லை என்கிறார் அந்த விவசாயி.” இதில் ‘சொல்’ என்ற வினை தனியாக வரவில்லை, ‘என்கிறார்’ ஒன்றே அதன் வேலையைச் செய்துவிடுகிறது.

“என்று வருவாய் என்று கேட்டாள்” என்ற தொடரில் இரண்டு ‘என்று’ம் ஒன்றா?

இல்லை. இரண்டும் வேறு வேறு வேர்களிலிருந்து வந்து, எழுத்தில் தற்செயலாக ஒன்றுபட்ட சொற்கள். முதல் ‘என்று’ அன்று, இன்று, என்று என்ற வரிசையைச் சேர்ந்தது. ‘எந்த நாள்’ என்று பொருள்படும். ‘என்றும்’, ‘என்றென்றும்’, ‘என்றைக்கு’ என்பன அதன் வழிவந்தவை. இரண்டாவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் வினை.

இதே போல, ‘என் வீடு’ என்பதில் உள்ள ‘என்’ தன்மைப் பெயரின் வேற்றுமை வடிவம், ‘என்ன வேண்டும்?’ என்பதில் உள்ள ‘என்ன’ வினாச்சொல். இவற்றுக்கும் வினைக்கும் உறவு கிடையாது. ‘என்னவென்றால்’ என்ற சொல்லைப் பிரித்தால், முன்பகுதியில் வினாச்சொல்லும் பின்பகுதியில் வினையும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம்.

‘எண்’ (எண்ணு, கணக்கிடு) என்பதும் வேறு சொல்தான். சொல்வதும் எண்ணுவதும் மனத்தில் நெருங்கியவை என்பதால் இரண்டையும் ஒரே வேராகக் காட்ட விரும்புவோர் இருக்கிறார்கள். ஆனால் தமிழில் றன்னகரம் (ன), டண்ணகரம் (ண) என்ற வேறுபாடு தெளிவாக இருக்கிறது. தெலுங்கிலும் சொல்வதற்கு ‘அனு’, எண்ணுவதற்கு ‘என்னு’ என்று இரண்டும் பிரிந்தே நிற்கின்றன.

பழைய நூல்களில் இந்த வினை எப்படி வருகிறது?

தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களும் இந்த வினையைக் கொண்டே தொடங்குகின்றன. எழுத்ததிகாரத்தின் முதல் நூற்பா, “எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃ தென்ப” என்பது. அதில் ‘எனப்படுப’ என்று ஒருமுறையும், ‘என்ப’ என்று மறுமுறையும் இவ்வினை வருகிறது. சொல்லதிகாரம், “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே” என்று தொடங்குகிறது. பொருளதிகாரத்தின் முதல் நூற்பாவும் “முற்படக் கிளந்த எழுதிணை என்ப” என்றே முடிகிறது. ‘என்ப’, ‘என்மனார்’ இரண்டுக்கும் ‘என்று சொல்வர்’ என்பதே பொருள். தனக்கு முன்னிருந்த புலவர்கள் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன் என்ற பணிவை நூலாசிரியர் இந்த ஒரு வினையால் நூல் முழுவதும் காட்டிக்கொண்டே போகிறார்.

திருக்குறளில், “எண்என்ப ஏனை எழுத்துஎன்ப இவ்விரண்டும் கண்என்ப வாழும் உயிர்க்கு” என்ற 392ஆம் குறளில் ‘என்ப’ மூன்று முறை வருகிறது. முதல் இரண்டு ‘என்ப’வும் ‘என்று சொல்லப்படுபவை’ என்று பெயராக நிற்க, மூன்றாவது மட்டும் ‘என்று சொல்வர்’ என்று முற்றாக நிற்பதாகக் கொள்வதே பொருளுக்கு இசைகிறது. ஒரே வடிவம் ஒரே குறளுக்குள் பெயராகவும் வினையாகவும் நிற்கும் இந்த இடத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி உண்டாகிறது.

தொல்காப்பியர் இதை வினையாகத்தான் கண்டாரா?

வினையாகவும் ஆண்டார், அதன் ‘என’, ‘என்று’ என்ற இரு வடிவங்கள் வினைத்தன்மை குறைந்து இடைச்சொல்லாகிவிட்டதையும் கண்டார். சொல்லதிகாரத்தில் இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில் வரும் நூற்பா இது: “வினையே குறிப்பே இசையே பண்பே / எண்ணே பெயரொடு அவ்வறு கிளவியும் / கண்ணிய நிலைத்தே எனவென் கிளவி.” அதாவது ‘என’ என்னும் சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்ற ஆறனோடும் பொருந்தி வரும். அடுத்த நூற்பா “என்றென் கிளவியும் அதனோ ரற்றே” என்கிறது. ‘என்று’ என்பதும் அப்படியே. பிற்காலத்து நன்னூலும் இதே ஆறைச் சொல்கிறது. இந்தப் பகுப்பு இன்றைய தமிழுக்கும் அப்படியே பொருந்துவதால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வினைக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, கபிலர் பாடிய புறநானூற்று 143ஆம் பாட்டின் முதலடி: “மலைவான் கொள்கென உயர்பலி தூஉய்.” மழை பெய்யவில்லை, குறவர்கள் ‘மலையை மேகம் சூழட்டும்’ என்று வேண்டிப் பலி தூவுகிறார்கள். மழை மிகுந்துபோகிறது, இப்போது ‘மேகம் மேலே போகட்டும்’ என்று அதே கடவுளை வேண்டுகிறார்கள்: “மாரி ஆன்று மழைமேக்கு உயர்கென.” ‘கொள்க’, ‘உயர்க’ என்ற இரண்டும் அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள். கபிலர் அவற்றைச் சிறிதும் மாற்றாமல் எடுத்து, பின்னால் ‘என’ என்பதை மட்டும் வைக்கிறார். பிறர் பேச்சை அதன் சூடு குறையாமல் எடுத்து வைக்கும் வேலையை இந்த வினை எப்படிச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேண்டியதில்லை.

குறிப்புக்கு “துண்ணெனத் துடித்தது மனம்”, இசைக்கு “ஒல்லென ஒலித்தது”, பண்புக்கு “வெள்ளென விளர்த்தது” என்பன உரைகளில் வருபவை. இன்று நாம் ‘திடீரென்று’, ‘சலசலவென்று’, ‘பளிச்சென்று’ என்கிறோம். சொற்கள் மாறியிருக்கின்றன, அச்சு மாறவில்லை. துடித்த மனம் எதையும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஓசையையும் மனக்குறிப்பையும் ஒரு பேச்சாகவே பாவித்து மொழி தனக்குள் வாங்கிக்கொள்கிறது.

எண்ணுக்கு “நிலனென நீரென” என்பது எடுத்துக்காட்டு. நாளிதழில் “முதியவர்கள், பெண்கள், குழந்தைகள் எனப் பலர் திரண்டனர்” என்று படிக்கும்போது நாம் காண்பது இதே எண்ணுப்பொருள்தான். பெயருக்கு “அழுக்காறு எனஒரு பாவி” என்ற 168ஆம் குறள். ‘முருகன் என்ற பையன்’, ‘திருவையாறு என்னும் ஊர்’ என்பன அதன் இன்றைய தொடர்ச்சி.

‘என்று’ என்றாலே ‘சொல்லி’ என்று பொருள் என்றால், ‘என்று சொன்னான்’ என்பது கூறியது கூறல் ஆகாதா?

ஆகாது. ஒரு வினை தொடர்ந்து ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும்போது அதன் சொந்தப் பொருள் மெல்ல வெளுத்துப்போகிறது. ‘வந்துவிட்டான்’ என்பதில் ‘விடு’ எதையும் விடவில்லை. ‘பார்த்துக்கொள்’ என்பதில் ‘கொள்’ எதையும் வாங்கவில்லை. அப்படியே ‘என்று’ வெளுத்து, ‘இதுவரை வந்தது ஒருவரது சொல் அல்லது எண்ணம்’ என்று எல்லை குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதனால்தான் ‘என்று சொன்னான்’ மட்டுமல்லாமல் ‘என்று நினைத்தான்’, ‘என்று அஞ்சினான்’, ‘என்று தெரிந்தது’ என்றெல்லாம் வாய் திறவாத இடங்களிலும் அது வருகிறது.

‘சொல்’ என்ற பொருளிலிருந்து காரணம், நோக்கம், நிபந்தனை ஆகியவை எப்படிப் பிறந்தன?

ஒவ்வொரு படியும் சிறியது. “கடையில் பழம் வாங்கலாம் என்று வந்தேன்” என்று ஒருவர் சொன்னால், அவர் தமக்குள் ‘வாங்கலாம்’ என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டார் என்பதே அடிப்படை. மனத்துக்குள் சொல்லிக்கொண்டதுதான் நோக்கம். அது இறுகிப்போன வடிவம் ‘வேண்டுமென்று செய்தான்’ என்பது. ‘வேண்டும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செய்த செயல்தான் ‘வேண்டுமென்றே’ செய்த செயல்.

“உடம்பு சரியில்லை என்று போகவில்லை” என்னும்போது சொன்ன சொல்லே காரணமாகிறது. ‘எனவே’ என்பது ‘என்று சொல்லவே’ என்ற நிலையிலிருந்து ‘ஆகையால்’ என்ற பொருளுக்கு வந்தது.

‘என்றால்’ இன்னும் ஒரு படி தள்ளிப்போகிறது. “நீ வருகிறாய் என்றால் நானும் வருகிறேன்” என்பதன் வேர்ப்பொருள் ‘வருகிறேன் என்று நீ சொல்வதாக இருந்தால்’ என்பது. இன்று ‘வருவதாக இருந்தால்’ என்பது மட்டும்தான் காதில் விழுகிறது. “அறம் என்றால் என்ன?” என்று ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும்போதோ, வேர்ப்பொருள் இன்னும் ஒளிர்கிறது: ‘அறம்’ என்று ஒருவர் சொன்னால் அதனால் சொல்லப்படுவது என்ன? “மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை” என்ற வழக்கில் அதே வடிவம் வியப்பையும் மிகுதியையும் தருகிறது. இதை வேறு மொழிக்குக் கொண்டுபோக முயன்றவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

பிற திராவிட மொழிகளில் இது இருக்கிறதா?

தெற்கிலிருந்து ராஜ்மகால் மலைகள் வரை இருக்கிறது. கன்னடத்தில் ‘எந்து’, ‘எந்தரெ’, ‘எம்ப’ என்பவை நம் என்று, என்றால், என்னும் ஆகியவற்றுக்கு ஈடானவை. பேச்சில் அகரத்தோடு ‘அந்த’, ‘அந்தரெ’ என்று ஒலிக்கும். தெலுங்கில் ‘அனி’, ‘அண்டே’, ‘அனே’. ‘அன்னாடு’ என்றால் ‘என்றான்’. மலையாளத்தில் ‘என்னு’, ‘என்ன’, ‘எங்கில்’. நீலகிரியின் கோத்த, தோடா மொழிகளிலும், நடு இந்தியாவின் கோண்டி, குயி மொழிகளிலும் இகரம் சார்ந்த ஒலியோடு ‘இன்’ என்ற வேராக வருகிறது. கோலாமியிலும் பர்ஜியிலும் நம்மைப் போலவே ‘என்’. ஜார்க்கண்டு பக்கத்துக் குடுக், மால்தோ மொழிகளில் ‘ஆன்’. பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயியில் சொல்வதற்கு வழங்குவது ‘பா’ என்ற வேறு வேர். மொழியியலாளர்கள் பர்ரோவும் எமெனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதியில் இவ்வினத்தை ஒருசேரக் காணலாம்.

உறவைக் காட்டுவது ஒலி ஒப்புமை மட்டுமன்று. அந்த ஒப்புமை ஒழுங்காக வருவதே உறவின் சான்று. தமிழில் ‘ஒன்று’, கன்னடத்தில் ‘ஒந்து’, மலையாளத்தில் ‘ஒன்னு’. அதே ஒழுங்கில் தமிழில் ‘என்று’, கன்னடத்தில் ‘எந்து’, மலையாளத்தில் ‘என்னு’. யாழ்ப்பாணத் தமிழில் ‘ஒண்டு’, ‘எண்டு’. “வாறன் எண்டு சொன்னவர்” என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம்.

பொருள் விரிந்த வழியில் மொழிக்கு மொழி சிறு வேறுபாடுகள் உண்டு. தெலுங்கில் ‘அனுகொனு’ என்றால் நினைத்துக்கொள்வது. நேராகப் பிரித்தால் ‘சொல்லிக்கொள்’ என்று வரும். நினைப்பது என்பது தனக்குள் சொல்லிக்கொள்வது என்ற கருத்தை அந்த ஒரே சொல் ஏந்தி நிற்கிறது. ‘அனிபிஞ்சு’ என்பது ‘தோன்று’ என்று பொருள்படும். மலையாளத்தில் ‘என்னால்’ என்பதற்கு ‘ஆனால்’ என்ற பொருளும் வந்துவிட்டது. தமிழர் ஒருவர் மலையாளம் படிக்கத் தொடங்கும்போது தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

சமஸ்கிருதத்தில் உள்ள ‘இதி’ தமிழிலிருந்து போனதா?

சொல் போகவில்லை. ‘இதி’ என்பது சுட்டுவேரிலிருந்து பிறந்த சொல். ‘இவ்வாறு’ என்பது அதன் அடிப்படைப் பொருள். அது ரிக்வேதத்திலேயே வருகிறது. கேள்வி சொல்லைப் பற்றியதன்று, அமைப்பைப் பற்றியது. பிறர் பேச்சை முழுவதுமாக எடுத்து அதன் முடிவில் ஒரு சொல்லை வைக்கும் பழக்கம், தொலைவிலுள்ள இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இவ்வளவு ஓங்கியிருக்கவில்லை. இந்தியாவில் அது வளர்ந்ததற்குத் திராவிட மொழிகளின் தொடர்பு ஒரு காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. எமெனோ 1956இல் இந்தியாவை ஒரே ‘மொழிப்பரப்பு’ (வேறு வேறு குடும்பத்து மொழிகள் அருகருகே வழங்கி ஒன்றையொன்று ஒத்துவரும் நிலப்பகுதி) என்று விளக்கிய கட்டுரைக்குப் பின் இந்த உரையாடல் சூடு பிடித்தது. மொழியியலாளர் கைப்பர் 1967இல் ‘இதி’யையே ஒரு முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டார். ஹான்ஸ் ஹாக் போன்றவர்கள், இது சமஸ்கிருதத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கலாம் என்று மறுத்தார்கள். முடிந்துபோன செய்தியாக இதை எந்தப் பக்கமும் எழுதிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

அண்டை மொழிகளில் தமிழ் அமைப்பின் சாயல் தெளிவாகத் தெரியும் இடங்கள் உண்டா?

உண்டு, அவற்றுள் சில வியப்பூட்டுபவை. இலங்கையில் சிங்களம் ‘கியலா’ என்பதைப் பயன்படுத்துகிறது. அது ‘கியனவா’ (சொல்) என்ற வினையின் எச்சம். “எனவா கியலா கிவ்வா” என்பது சொல்லுக்குச் சொல் “வருகிறேன் என்று சொன்னார்” என்பதற்கு ஈடாக நிற்கிறது. இலங்கை மலாயர்களின் மொழியில், மலாயில் ‘சொல்’ என்று பொருள்படும் ‘கத்தா’ என்பது பேச்சின் முடிவில் போய் நிற்கிறது. தென்கிழக்கு ஆசிய மலாய் இப்படி அமைவதில்லை. மட்டக்களப்புப் பறங்கியர்கள் பேசும் போர்ச்சுக்கீசியக் கலப்பு மொழியிலும், போர்ச்சுக்கீசியத்தில் ‘பேசு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த ‘ஃபலா’ இதே வேலையைச் செய்கிறது. மூன்றும் வேறு வேறு வேர்களிலிருந்து வந்த சொற்கள். சொல்லைக் கடன் வாங்காமல், தம்மிடம் இருந்த ‘சொல்’ வினையை எடுத்துத் தமிழில் ‘என்று’ நிற்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

தக்காணத்து உருதுவில் ‘போல்கே’ (சொல்லி) அதே இடத்தில் வருகிறது. வடக்கத்திய உருதுவில் அந்த இடத்தில் ‘கி’ வரும். மராத்தியில் ‘ம்ஹணூன்’ என்பது ‘சொல்லி’ என்ற எச்சம். அதற்கு ‘என்று’ என்ற பொருளும் உண்டு, ‘எனவே’ என்ற பொருளும் உண்டு. “ம்ஹணஜே காய்?” என்று மராத்தியர் கேட்பதும், “அண்டே ஏமிட்டி?” என்று தெலுங்கர் கேட்பதும், “அந்தரெ ஏனு?” என்று கன்னடர் கேட்பதும், “என்றால் என்ன?” என்று நாம் கேட்பதும் ஒரே கேள்வி. நான்கிலும் முதலில் நிற்பது ‘சொல்’ என்று பொருள்படும் வினை.

தொடர்பே இல்லாத தொலைதூர மொழிகளிலும் இப்படி உண்டு என்கிறார்களே? அவை தமிழோடு உறவுடையவையா?

உண்டு என்பது உண்மை. உறவு என்பது அதிலிருந்து பெறப்படாது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் ‘அமைதியாக இருந்தான்’ என்பதற்கு “ஸிம் அலெ” என்பார்கள். பிரித்தால் “ஸிம் என்றான்” என்று வரும். நாம் “கம்மென்று இரு” என்றும், “உம்மென்று உட்கார்ந்திருந்தாள்” என்றும் சொல்வதற்கு இது எவ்வளவு அருகில் வருகிறது! தொல்காப்பியர் ‘குறிப்பு’, ‘இசை’ என்று பிரித்த வகைகள் செங்கடலுக்கு அப்பால் பேசப்படும் ஒரு செமித்திய மொழியிலும் பொருந்துகின்றன.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில், பழைய ‘அம்பா’ (சொல்) என்ற வினையிலிருந்து ‘க்வம்பா’ என்ற இணைப்புச் சொல்லும், ‘எவர்’, ‘எது’ என்று பெயரை விளக்கும் வடிவங்களும் பிறந்தன. ‘என்பவர்’, ‘என்பது’ என்று நாம் ஆக்கியதை இது நினைவூட்டுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் எவே மொழியில் ‘பே’ என்ற ‘சொல்’ வினையே இணைப்புச் சொல்லாகவும் இருக்கிறது. துருக்கியில் ‘தே’ (சொல்) என்ற வினையின் எச்சமான ‘தியே’, “தாமதமாகிவிடக் கூடாது என்று சீக்கிரம் கிளம்பினேன்” என்பது போன்ற தொடர்களில் நம் ‘என்று’ நிற்கும் அதே இடத்தில் நிற்கும்.

திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகள் என்று அவர் அழைத்த துருக்கி முதலியவற்றோடு இணைத்துப் பார்த்தார். இன்றைய ஒப்பியலாளர்கள் அதை ஏற்பதில்லை. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய தேவை எல்லா மனிதருக்கும் உண்டு. அதற்கு ‘சொல்’ என்ற வினையைவிட அருகில் வேறு எந்தச் சொல் இருக்க முடியும்? ஆகவே அந்த வினை பல இடங்களில் தனித்தனியாக ஒரே வழியில் நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒற்றுமையைக் காட்டி ‘உலக மொழிகளெல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை’ என்று எழுதுவது, ஆராயத் தக்க ஓர் அழகான செய்தியை வீணாக்குவதாகும்.

பேச்சுத் தமிழில் இந்த வினை காணாமல் போய்விட்டதா?

தேய்ந்திருக்கிறது; போகவில்லை. ‘என்று’ என்பதன் முதல் எகரம் முன்சொல்லோடு கரைந்து ‘ன்னு’ ஆகிறது: “வரேன்னு சொன்னா.” ‘என்றால்’ ‘ன்னா’ ஆகிறது, ‘என்கிற’ ‘ங்கிற’ ஆகிறது. முற்றுவினையும் இருக்கிறது. “வர்றேன்னாங்க” என்பதில் ‘வருகிறேன் என்றார்கள்’ என்ற முழுத்தொடரும் ஒரே மூச்சில் அடங்கிவிடுகிறது. “வேணாம்னுட்டான்” என்பதைப் பிரித்தால் ‘வேண்டாம் என்றுவிட்டான்’ என்று மூன்று வினைகள் வெளியே வருகின்றன. வேற்று மொழியினர் தமிழ் படிக்கும்போது எழுத்துத் தமிழின் ‘என்று’ அவர்களுக்கு எளிதில் பிடிபட்டுவிடுகிறது. இந்த ஒற்றை ‘ன்’ஐக் காதால் பிடிக்கத்தான் பல மாதங்கள் ஆகின்றன. அவர்களிடம் நான் முதலில் சொல்வது, ‘சொன்னா’ என்ற சொல்லைத் தேடாதீர்கள், அதற்கு முன் அழுத்தி ஒலிக்கும் னகரத்தைத் தேடுங்கள் என்பதுதான்.

எழுதும்போது ‘எனக் கூறினார்’ என்று வல்லினம் மிகுகிறது. ‘என்று கூறினார்’ என்பதில் ஏன் மிகவில்லை?

‘என’ என்பது ‘வர’, ‘போக’ என்பன போன்ற செயவென் வாய்பாட்டு வினையெச்சம். அதன் பின் வல்லினம் மிகும். வரச் சொன்னார், எனச் சொன்னார். ‘என்று’ மென்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சம். அதன் பின் மிகாது. வந்து போனார், என்று போனார். இது வினை என்பதை நினைவில் வைத்தால் விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

“நான் வருவேன் என்று சொன்னான்” என்பதில் வருவது யார்?

இதைப் படிக்கிறவருக்கு இரண்டு விடைகளும் தோன்றலாம். ‘என்று’ பிறர் பேச்சை மாற்றாமல் வைக்கும் சொல்லாதலால், ‘நான்’ என்பது பேசிய அவனையே குறிக்கும் என்பதுதான் இயல்பான பொருள். ஆனால் கதை சொல்கிற ‘நான்’ ஒருவர் இருக்கும் இடத்தில் குழப்பம் வரும். எழுத்தில் இரட்டை மேற்கோள் குறி அதைத் தீர்க்கும்: “நான் வருவேன்” என்று சொன்னான். மேற்கோள் வேண்டாம் என்றால் ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்று எழுதலாம். ‘என்று’ பேச்சை நேரே கொண்டுவருகிறது. ‘ஆக’ அதைச் சற்றுத் தள்ளி நின்று தெரிவிக்கிறது. செய்திகளில் “கைது செய்யப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது” என்று எழுதுவதற்கு அந்தத் தள்ளிநிற்றலே காரணம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘அவர் சொன்னார்’ என்று தொடங்கி, சொன்னதைப் பின்னால் வைக்கும் ஆங்கில வரிசை தமிழில் மூச்சுத் திணறுகிறது. சொன்னதை முதலில் முழுமையாக வைத்துவிட்டு, பிறகு ‘என்றார்’ என்று முடித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சிக்கல் தானாக அவிழும்.

‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று எழுதுவது தவறா?

இலக்கணப்படி தவறில்லை. ‘என்பது’ ஒரு முழு வாக்கியத்தையே பெயராக்கி, அதற்குப் பயனிலை சேர்க்க வழிசெய்யும் வடிவம். “பூமி சுற்றுகிறது என்பது முதலில் யாருக்கும் நம்பத் தக்கதாக இல்லை” என்ற வாக்கியத்தில் அந்த ஆற்றல் முழுவதும் வேலை செய்கிறது: ஒரு கூற்று பெயராகி, அந்தக் கூற்றைப் பற்றி ஒரு புதிய செய்தி சொல்லப்படுகிறது.

“இவர் ஏற்கெனவே இருமுறை வெற்றி பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது” என்று எழுதும்போது புதிய செய்தி எதுவும் சேர்வதில்லை. குறிப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைக் குறிப்பிடத்தக்கது என்கிறோம். மெய்ப்புத் திருத்தும்போது நான் செய்வது இதுதான்: ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்ற இரண்டு சொற்களையும் விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படிப்பேன். “இவர் ஏற்கெனவே இருமுறை வெற்றி பெற்றவர்” என்று அது தானே நின்றால், அவ்விரண்டு சொற்களையும் அடித்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன்.